இட்லிக்கு 5, வாடகைக்கு 18

கொரோனா சமயத்தில் ஓட்டல்களுக்கு வரியைக் குறைத்திருக்கலாமே என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். குறைக்க அங்கே என்ன இருந்தது?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. ஓட்டலுக்கு 18 சதவீதம், சாதா ஓட்டலுக்கு 12. பில்லைப் பார்த்து ஜனங்கள் அலற, நவம்பர் 15 முதல் (பெரிய நட்சத்திர ஓட்டல்கள் நீங்கலாக) எல்லாவற்றுக்கும் 5. நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதில் ஒரு கொக்கி: வாடகைக்கும் சாமான்களுக்கும் கட்டிய வரியை ஓட்டல்காரர் கழித்துக்கொள்ள முடியாது.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. வியாபாரமே இல்லாத கடைக்கு 5 என்ன, பூஜ்யம் என்ன? வாடகை ஓடியது, அதன் மேல் 18 சதவீதமும் ஓடியது. ஜூன் 8 முதல் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றது மத்திய அரசு. மும்பையில் அக்டோபர் 5 வரை பார்சல் மட்டும்தான். பிறகும் பாதி நாற்காலிகள்தான்.

கிடைத்த சலுகை? கணக்கு தாக்கல் செய்யக் கொஞ்சம் அவகாசம். கடன் தவணைக்கு ஆகஸ்ட் 31 வரை விடுமுறை (வட்டிக்கு விடுமுறை இல்லை!). அப்புறம் அரசு உத்தரவாதத்தோடு புதுக்கடன். அதுவும் 2020 பிப்ரவரி 29-ல் வங்கியில் இருந்த பழைய பாக்கியில் 20 சதவீதம். 2021 மார்ச் கடைசியில் ஓட்டல் துறைக்கு அதை 40 ஆக்கினார்கள்.

வங்கிப் பக்கமே போகாமல், மாதச் சாப்பாட்டுக் காசிலேயே மெஸ் நடத்தியவருக்குப் பழைய பாக்கி ஏது? பூஜ்யத்தில் 40 சதவீதம் எவ்வளவு என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.