கக்கூஸ் - ஒரு வார்த்தையின் கதை

டிஸ்கி: சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வரவும். பதிவு முழுக்க 'அந்த' இடத்தைப் பற்றித்தான்.

ஷார்ஜாவில் நான் இருப்பது பெட் ஸ்பேஸில். தெரியாதவர்களுக்கு: வாடகை வீட்டுக்கு இல்லை, கட்டிலுக்கு. மூணு ரூம், பதினோரு பேர், ரெண்டே ரெண்டு பாத்ரூம். காலை ஆறு மணிக்கு அந்தக் கதவுக்கு முன்னால் க்யூ நிற்கும். போன மாசம் ஒருநாள் பொறுமை இழந்த கோட்டயத்து சேட்டன் கதவை ஓங்கித் தட்டிக் கத்தினார்: "டா, கக்கூஸீந்நு ஒந்நு இறங்ஙெடா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அந்த வார்த்தையை வாயால் சொல்லி பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. ஆறாங்கிளாஸில் "சார், கக்கூஸ் போகணும்"னு எழுந்து நின்னேன். கிளாஸே சிரிச்சுது. அன்னிக்கு விட்டதுதான். அப்புறம் பாத்ரூம், காலேஜில் டாய்லெட், இங்கே மாஸ்டர்ஸ் படிக்க வந்தப்புறம் ரெஸ்ட்ரூம். பேர்தான் மாறுது, போற வேலை ஒண்ணுதான் :-)

சேட்டனோ கூச்சமே இல்லாமல் சொல்கிறார். மலையாளத்தில் அது சாதாரண வார்த்தையாம். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அண்ணன், "நாங்களும் கக்கூசு எண்டுதான் சொல்லுறனாங்கள். சிங்களத்திலயும் கக்குஸ்ஸிய எண்டுவினம்" என்றார். கிளாஸில் இந்தோனேசியத் தோழியிடம் கேட்டால், அவங்க மொழியிலும் 'ககுஸ்'! நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், கொச்சி, ஜகார்த்தா.. நாலு ஊரையும் சேர்க்கிற கோடு எது?

டச்சுக்காரன். 'கக்' என்றால் மலம், 'ஹுய்ஸ்' என்றால் வீடு. 'கக்ஹுய்ஸ்' நம்ம வாயில் கக்கூஸ் ஆயிடுச்சு. 1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1619-ல் ஜகார்த்தாவைப் பிடித்து பட்டாவியா என்று பேர் வைத்தது. 1658-ல் யாழ்ப்பாணத்தையும் எங்க நாகப்பட்டினத்தையும், 1663-ல் கொச்சியையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தது. 1690 வாக்கில் சோழமண்டலக் கரைக்கே அவங்க தலைமையிடம் நாகை. 1781-ல் அதை வெள்ளைக்காரன் பிடுங்கிட்டான். டச்சுக்காரன் போனான், வார்த்தை தங்கிடுச்சு. நம்ம 'துட்டு'கூட 'துய்ட்' என்ற டச்சுச் செப்புக்காசுதான். ஈழத்துக் 'கந்தோர்' (ஆபீஸ்) அவங்க 'காந்தோர்'. குழந்தைகிட்ட 'கக்கா போறியா'ன்னு கேட்கிற ஊரில், 'கக்' என்று தொடங்கும் வார்த்தை ஒட்டிக்கிட்டதில் ஆச்சரியம் இல்லை.

அதே கம்பெனி இந்த வளைகுடாவுக்கும் வந்தது. 1623-ல் எதிர்க்கரை பந்தர் அப்பாஸில் வியாபாரக் கிடங்கு. 1753-லிருந்து 1766 வரை கார்க் தீவில் கோட்டை. ஆனா இங்கே பேச்சில் நிற்கிறது 'ஹம்மாம்'தான். வந்த புதுசில் "ஹம்மாம் எங்கே"ன்னு ஒருத்தர் கேட்க, நான் சோப்பு கேட்கிறார்னு நினைச்சேன். ஹி ஹி. சூடு என்ற பொருளுள்ள அரபி வேரிலிருந்து வந்தது, முதலில் வெந்நீர்க் குளியலறை. போர்டில் எழுதியிருக்கும் 'தவ்ரத் மியாஹ்' என்பதற்கு நேர் அர்த்தம் தண்ணீரின் சுற்று.

யோசிச்சுப் பாருங்க மக்களே. ஹம்மாம் குளியல். லெட்ரின் 'கழுவுமிடம்' என்ற லத்தீனிலிருந்து. டாய்லெட் ஒரு சின்ன பிரெஞ்சுத் துணி, அலங்கார மேசை மேல் விரிக்கிறது. ரெஸ்ட்ரூம் ஓய்வறை. எல்லாமே வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு நிற்கிற வார்த்தைகள். உள்ளதை உள்ளபடி சொல்வது கக்கூஸ் ஒண்ணுதான். டச்சிலேயே இப்போ அது கொச்சை வார்த்தை. புது வார்த்தை வரும், கொஞ்ச நாளில் அதுவும் நாறும், இன்னொண்ணைத் தேடுவோம். எல்லா ஊரிலும் இப்படித்தான்.

அப்போ நம்ம ஊரில் அந்த வார்த்தை நாறினதுக்குக் காரணம் அவ்வளவுதானா? ஞாயிற்றுக்கிழமை நாகையில் இருக்கும் அம்மாச்சிக்குப் போன் போட்டேன்.

"கக்கூஸா? அந்தக் காலத்துல எடுப்புக் கக்கூஸ்தான்டா. கொல்லைச் சந்துல, நாலு குடித்தனத்துக்கு ஒண்ணு. தெனம் காலைல ஒரு பொம்பள வந்து தகரத்தால வழிச்சு, கூடைல சுமந்துட்டுப் போவா. மழை பெஞ்சா தலைலேர்ந்து ஒழுகும். பாவம்."

"சோறு குடுப்பீங்களா?"

"பழையது குடுப்போம். தொடாம, மேலேர்ந்து போடுவோம்."

"அவங்க பேரு என்ன அம்மாச்சி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தெரியலையேடா. கக்கூஸ்காரின்னுதான் கூப்பிடுவோம்."

அங்கேதான் எனக்கு உறைத்தது. டச்சுக்காரன் கட்டிடத்துக்கு வைத்த பேரை நாம ஒரு மனுஷிக்கு வைத்தோம். இடம் அசிங்கம், அதனால் சுமப்பவரும் அசிங்கம் என்று முடிவு பண்ணினோம். அந்த வேலைக்கு எந்தச் சாதியில் பிறந்தவர் வரணும் என்பதை கம்பெனி சொல்லித்தரவில்லை, அது நம்ம சொந்தச் சரக்கு. ஆறாங்கிளாஸ் சிரிப்பில் அதுவும் கலந்திருந்தது என்றுதான் இப்போ தோணுது.

எடுப்புக் கக்கூஸையும் கையால் மலம் அள்ளுவதையும் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், போதாமல் 2013-ல் இன்னொன்று. சாக்கடையில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை. இந்த மக்களைப் பற்றி 2017-ல் திவ்யபாரதி எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'கக்கூஸ்'. நாம கூசுகிற வார்த்தையையே தலைப்பாக வைத்தார்.

எங்க பில்டிங் வராந்தாவைக் கழுவ தினம் ஒரு நேபாளி அண்ணன் வருவார். எட்டு மாசமா 'பாய்'னு கூப்பிட்டுட்டு இருந்தேன். நேத்துதான் பேர் கேட்டேன். சொன்னார். என் பேரையும் கேட்டார்.

உங்க ஊரில் அந்த இடத்துக்கு என்ன பேர்? அதைவிட முக்கியமா, அதைச் சுத்தம் பண்ணினவங்க பேர் உங்க வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கா? ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு பின்னூட்டத்தில் சொல்லுங்க.