தக்காளி முளைத்த சாக்கு

மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஒரு நாள் பாகூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் யூரியா சாக்கில் கறுப்பாக எதையோ கட்டிக்கொண்டு வந்தார். "நல்ல எருவா, பாத்துச் சொல்லுங்க சார்." பிரித்தேன். வற்றிய ஏரி மண்போலப் பாளம்பாளமாக வெடித்திருந்தது. நாற்றமே இல்லை. ஒரு வெடிப்பில் இரண்டு தக்காளி நாற்று. விஷயம் புரிந்துவிட்டது. மனுஷ வயிற்றில் செரிக்காமல் வருவது தக்காளி விதை. சாக்கடைச் சேறு காயும் களத்தில் முதலில் தலைநீட்டுவதும் அதுதான்.

எங்கள் புதுச்சேரியில் மலத்துக்குச் சட்டம் போடுவது புதிதல்ல. பிரெஞ்சு கும்பினி காலத்தில், கண்ட இடத்தில் ஒதுங்கினால் அபராதம் என்று தமுக்கடித்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அன்றைக்குச் சட்டத்துக்கு மூக்கு மட்டும்தான் இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோதும் அப்படியே. எடுப்புக் கக்கூஸ்; விடிவதற்குள் பின்சந்தில் வாளிச் சத்தம். சுமந்தவரின் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை, பார்க்கவும் விடமாட்டார்கள். பிறகு பாதாளச் சாக்கடை வந்தது, லாஸ்பேட்டையில் கழிவுநீர்க் குட்டைகள் வந்தன. லா தெ லோரிஸ்தோன் என்ற பிரெஞ்சு கவர்னர் பெயரில் உண்டான பேட்டை அது. பாவம், இதையும் சுமக்கிறது.

அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் தம் ஊரில் செய்ததைக் கேளுங்கள். பாரிஸின் சாக்கடைத் தண்ணீரை நகரை அடுத்த பியெர்லே சமவெளியில் நூறு வருஷம் பாய்ச்சிக் காய்கறி விளைவித்தார்கள். அமோக விளைச்சல். கடைசியில் மண்ணைச் சோதித்தால் ஈயமும் காட்மியமும் ஏறிக் கிடந்தன. 2000 வாக்கில் அங்கே காய்கறி பயிரிடத் தடை போட்டார்கள். கிருமி வெயிலில் சாகும், சுண்ணாம்பில் சாகும். உலோகம் சாகாது.

அதனால்தான் ஐரோப்பா 1986-லேயே சேற்றுக்கென்று தனிச் சட்டம் செய்தது. சேற்றையும் சோதிக்க வேண்டும், அது விழும் நிலத்தையும் சோதிக்க வேண்டும். மண்ணை ஒட்டி விளைந்து பச்சையாகத் தின்னும் காய்கறி என்றால், அறுவடைக்கு முந்தைய பத்து மாதம் அந்த நிலத்தில் சேறு கூடாது. நம்மிடம் 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. பின்னால் அதில் நகரக் கம்போஸ்டையும் சேர்த்து அளவு வைத்தார்கள்: கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, பாதரசம் 0.15. மூட்டை கட்டி, பெயர் போட்டு விற்றால் இதெல்லாம் பார்ப்பார்கள். டிராக்டரில் ஏறிப் போகும் சேற்றை யார் நிறுத்திப் பார்க்கிறார்கள்?

பெரியவரிடம் காய்கறிக்கு வேண்டாம் என்றேன். "எங்க பாட்டன் போடாத எருவா?"

"உங்க பாட்டன் காலத்துச் சாக்கடையில பேட்டரித் தண்ணி ஓடல, ஐயா."

கொஞ்சம் யோசித்தவர், தான் எடுத்த பாதி லோடையும் தென்னைக்கே வைத்துக்கொள்கிறேன் என்று சாக்கைக் கட்டினார். எங்கள் சோதனைப் படிவத்தில் தழை, மணி, சாம்பல் சத்துக்குக் கட்டம் இருந்தது, காட்மியத்துக்கு இல்லை. இருந்த கட்டங்களை நிரப்பிக் கொடுத்தேன்.

"லோடுல பாதிதானே நீங்க எடுத்தது? மீதி?"

"கீரைக்காரங்க எடுத்துக்கிட்டாங்க சார்."