கரும்பு போட்ட சாலை: செயின்ட் கிட்ஸில் அரை நாள் உலா

கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில் உள்ள செயின்ட் கிட்ஸ், சுமார் 170 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு. நடுவே காடடர்ந்த மலைத்தொடர். அதன் உச்சியான லியாமுய்கா 1,156 மீட்டர் உயரம். மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சரிவு நிலத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கரும்பு விளைந்தது. தோட்டங்களைத் துறைமுகத்தோடு இணைத்த சாலையும் அந்தச் சரிவையே பற்றிக்கொண்டு மலையைச் சுற்றி வந்தது. தலைநகர் பாஸ்டேரில் கிளம்பும் வண்டி எந்தத் திசையில் போனாலும், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சுற்றி மீண்டும் பாஸ்டேருக்கே வந்து சேரும். வழி தவற இடமில்லை.

இன்று இத்தீவுக்கு வருவோரில் பெரும்பாலோர் காலையில் கப்பலில் வந்திறங்கி மாலையில் அதே கப்பலில் திரும்புபவர்கள். அவர்களில் ஒரு சாரார் மொத்தமாக ஏற்றிச் செல்லும் பேருந்தை விட்டு, ஒரு காரையோ வேனையோ தங்களுக்கென்று மட்டும் அமர்த்திக்கொள்கிறார்கள். ஓட்டுநரே வழிகாட்டி. மூன்று மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் முடியும் இந்த உலாவில் வண்டி நிற்கும் இடங்கள் ஏறக்குறைய மாறாதவை: பழைய தோட்டம் ஒன்று, கோட்டை ஒன்று, கறுத்த எரிமலைப் பாறைகள், தீபகற்பத்தைக் காட்டும் குன்று, நகரச் சதுக்கம். பாறைகளையும் குன்றையும் தவிர மற்ற எல்லாமே சர்க்கரையாலோ சர்க்கரைக்காக நடந்த போர்களாலோ உருவானவை.

பாஸ்டேரிலிருந்து மேற்குக் கரையோரம் சென்றால் சில கிலோமீட்டரில் வருவது ஓல்டு ரோடு என்ற கடலோர ஊர். 1624-இல் தாமஸ் வார்னர் தலைமையில் ஆங்கிலேயர் குடியேறிய இடம் இதுவே. கரீபியத் தீவுகளில் ஆங்கிலேயரின் முதல் நிலையான குடியேற்றம் இது. மறு ஆண்டே பியர் பெலான் தெனாம்புக் என்ற பிரெஞ்சுத் தலைவன் வந்தான். அப்போது தீவில் வாழ்ந்த கலினாகோ மக்களின் தலைவன் தெக்ரெமாந்தே, வந்தவர்களை முதலில் அனுமதித்தவன். 1626-இல் கலினாகோக்கள் தாக்கத் திட்டமிடுகிறார்கள் என்ற செய்தி எட்டியதாகச் சொல்லி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கைகோத்து இரவில் அவர்கள் மீது பாய்ந்தார்கள். தெக்ரெமாந்தே உட்படப் பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். படுகொலை நடந்த ஆற்று முகப்பு இன்றும் 'பிளடி பாயின்ட்' என்றே வழங்குகிறது.

இவ்வளவு கொடிய நிகழ்வு நடந்த இடத்தை அரை நாள் உலாவின் வண்டிகள் பெரும்பாலும் ஓரிரு வாக்கியங்களோடு கடந்துவிடுகின்றன. பார்க்க அங்கே கட்டடம் எதுவும் இல்லை என்பது காரணமாகலாம். அருகே பாறைகளில் கலினாகோக்கள் செதுக்கிய மனித உருவங்கள் மட்டும் சாலையோரம் தப்பியிருக்கின்றன. அவற்றின் முன் வண்டி நிற்பதுண்டு. வார்னரின் கல்லறை சற்றுத் தள்ளி மிடில் ஐலண்டு தேவாலயத்தில் இருக்கிறது.

கொலைக்குப் பின் இரு நாட்டாரும் 1627-இல் தீவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நடுப்பகுதி ஆங்கிலேயருக்கு, இரு முனைகளும் பிரெஞ்சுக்காரருக்கு. ஒருவர் நிலத்தை மிதிக்காமல் மற்றவர் தம் நிலத்தின் மறுகோடிக்குச் செல்ல முடியாத இந்த விசித்திரப் பாகப்பிரிவினை, இடையிடையே போர்களோடு, 1713 வரை நீடித்தது. அவ்வாண்டின் உட்ரெக்ட் உடன்படிக்கையில் தீவு முழுதும் பிரிட்டனுக்குச் சேர்ந்தது. 1727-இல் பிரெஞ்சுப் பெயரைக் கொண்ட பாஸ்டேரே ஆங்கிலத் தலைநகரானது. பிரெஞ்சு ஆளுநர் தெ புவான்சியின் பெயர் ஒரு மரத்திலும் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டுச் சாலைகளில் கோடையில் சிவப்பாகப் பூத்துச் சொரியும் செம்மயிற்கொன்றை ஆங்கிலத்தில் அவர் பெயரால் 'பாய்ன்சியானா' எனப்படுகிறது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அதுவே செயின்ட் கிட்ஸின் தேசிய மலர்.

முதலில் வந்தவர்கள் பயிரிட்டது புகையிலை. வர்ஜீனியாவிலிருந்து மலிவான, தரமான புகையிலை ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கியதும் இங்கே விலை சரிந்தது. 1640-களில் கரும்பு வந்தது. கரும்போடு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டனர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தீவில் அடிமைகள் 20,000-க்கு மேல். வெள்ளையர் ஏறத்தாழ 2,000 பேர்.

உலாவின் முதல் நிறுத்தம் வழக்கமாக ஓல்டு ரோடுக்கு மேலே உள்ள விங்ஃபீல்டு தோட்டமும் அதை ஒட்டிய ராம்னி மாளிகையும். வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் ஆட்டியாக வேண்டும். இல்லையெனில் சாறு புளித்துவிடும். மாட்டு வண்டிக் காலத்தில் அவ்வளவு விரைவில் நெடுந்தூரம் கொண்டுபோக முடியாது. ஆகவே ஒவ்வொரு தோட்டமும் தனக்கென ஓர் ஆலையும், சாற்றைக் கொப்பரை கொப்பரையாக மாற்றிக் காய்ச்சும் கொட்டகையும், புகைபோக்கியும் வைத்துக்கொண்டது. ஓடை இருந்த இடத்தில் நீர்ச்சக்கரம், காற்று அடித்த இடத்தில் காற்றாலை, இரண்டும் இல்லாத இடத்தில் மாடு. வளையச் சாலையில் செல்லும் வண்டியின் சன்னலில் சில நிமிடத்துக்கு ஒரு முறை கூம்புக் கோபுரமோ இடிந்த புகைபோக்கியோ தென்படுவது இதனால்தான். விங்ஃபீல்டில் நீர் கொண்டுவந்த கல் வாய்க்கால், ஆலை, புகைபோக்கி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

ராம்னி மாளிகையில் 1970-களிலிருந்து பாத்திக் துணி செய்கிறார்கள். மெழுகு தடவிச் சாயமேற்றும் அந்தக் கலை ஜாவாவுடையது. தோட்டத்தில் அரை ஏக்கரை மறைத்துப் படர்ந்திருக்கும் மரத்துக்கு 350, 400 ஆண்டு என்று வழிகாட்டிகள் வயது சொல்வார்கள். தமிழ்நாட்டில் பள்ளிக்கூட வாசல்களிலும் ரயில் நிலையங்களிலும் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரமேதான் அது. அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து இரு திசையிலும் போனது.

விடுதிகள் இல்லாத அடிமை முறைக் காலத்தில் தீவைச் சுற்றிப் பார்ப்பது என்றால் தோட்ட முதலாளியின் விருந்தாளியாக இருப்பது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேனட் ஷா 1770-களின் நடுவில் இப்படி வந்தார். மாளிகைகளின் சாப்பாட்டு மேசைகளையும் காட்சிகளையும் வியந்து குறிப்பெழுதிய அவர், அடிமைகளின் முதுகில் சாட்டை விழுவதை ஏறக்குறைய இயல்பான செய்தியாகவே பதிந்தார். அவருடைய நாட்குறிப்பு 1921-இல்தான் அச்சேறியது. ஷா கண்ட அதே தீவில் அதே ஆண்டுகளில் மருத்துவராகவும் பாதிரியாராகவும் வாழ்ந்தவர் ஜேம்ஸ் ராம்சே. தோட்ட முதலாளிகளின் பகையைச் சம்பாதித்து ஊர் திரும்பிய அவர், 1784-இல் அடிமைகள் நடத்தப்பட்ட விதத்தை நூலாக எழுதினார். பிரிட்டனில் அடிமை வாணிக எதிர்ப்பு வலுப்பெற்றதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. இருவரில் இன்றைய உலாவுக்கு நெருங்கியவர் ஷாதான் என்பதை மறைப்பதற்கில்லை.

மேற்குக் கரையில் மேலும் வடக்கே சென்றால் சாலையோரத்திலிருந்து செங்குத்தாக எழுகிறது பிரிம்ஸ்டன் ஹில், அதாவது கந்தகக் குன்று. சுமார் 240 மீட்டர் உயரம். 1690-இல், பிரெஞ்சுக்காரர் பிடித்திருந்த கடலோரக் கோட்டை ஒன்றை மீட்பதற்காக ஆங்கிலேயர் இதன்மேல் பீரங்கிகளை ஏற்றினார்கள். அதில் கிடைத்த வெற்றி குன்றின் விதியைத் தீர்மானித்தது. அடுத்த நூறு ஆண்டுக்கு மேல் கோட்டைக் கட்டுமானம் நடந்தது. வரைபடம் பிரிட்டிஷ் பொறியாளர்களுடையது; கறுத்த எரிமலைக் கல்லை உடைத்து, மேலே ஏற்றி, சுவராக அடுக்கியவர்கள் அடிமைகள். குன்றின் அடிப்புறத்தில் கிடைத்த சுண்ணாம்புக் கல்லையே காளவாயில் சுட்டுக் காரை செய்தார்கள். உச்சியில் உள்ள ஜார்ஜ் கோட்டை, பலகோண அமைப்பில் அமெரிக்கக் கண்டத்தில் எழுந்த மிகப் பழைய கோட்டைகளுள் ஒன்று.

'மேற்கிந்தியத் தீவுகளின் ஜிப்ரால்டர்' என்று பெயரெடுத்த இக்கோட்டை ஒரு முறை விழுந்தது. 1782 ஜனவரியில் மார்க்கி தெ புயே தலைமையில் சுமார் 8,000 பிரெஞ்சு வீரர்கள் கரையிறங்கினர். உள்ளே ஏறத்தாழ 1,000 பேர். கோட்டைக்கென்று இங்கிலாந்திலிருந்து வந்த கனத்த பித்தளைப் பீரங்கிகளும் குண்டுகளும் மேலே ஏற்றப்படாமல் அடிவாரத்திலேயே கிடந்தன. எதிரி அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டான். ஒரு மாதம் தாக்குப்பிடித்த பின் கோட்டை சரணடைந்தது. காவல் படையினர் ஆயுத மரியாதையோடு வெளியேற அனுமதிக்கப்பட்டனர். மறு ஆண்டு உடன்படிக்கையில் தீவு மீண்டும் பிரிட்டனுக்கே வந்தது. 1850-களில் படை விலகியதும் குன்றைக் காடு மூடியது. கட்டடங்களின் கல்லையும் மரத்தையும் மக்கள் தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். 1965-இல் ஒரு சங்கம் தொடங்கிச் சீரமைக்கும் வேலை நடந்தது. 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உலாவில் ஒரு மணி நேரம் தகும் இடம் இதுதான். மேலே ஏறும் குறுகிய வளைவுச் சாலையும் கொத்தளங்களிலிருந்து தெரியும் சின்ட் யூஸ்டேஷியஸ் தீவும் சேர்ந்து அந்த ஒரு மணி நேரத்தைச் சுருக்கிவிடும்.

தீவின் வடமுனையைச் சுற்றிக் கிழக்குக் கரைக்கு வந்தால் எரிமலைக் குழம்பு கடலில் உறைந்து நிற்கும் கறும்பாறைகள். இப்பகுதியில் சாலையோடு கூடவே வருவது குறுகிய ரயில் பாதை. அதன் கதை அடிமை முறைக்குப் பிந்தியது. 1834-இல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தும், 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் கட்டாய வேலை தொடரவே, செயின்ட் கிட்ஸில் மக்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். ராணுவச் சட்டம் பிறப்பித்து அடக்கினார்கள். முழு விடுதலை 1838-இல். பிறகு மதேராவிலிருந்து போர்த்துக்கீசியரும், 1861-இல் கல்கத்தாவிலிருந்து ஒரு கப்பலில் இந்திய ஒப்பந்தக் கூலிகளும் வந்தனர். கயானா, டிரினிடாட் போல் இங்கே இந்தியச் சமூகம் நிலைக்கவில்லை.

ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரை விலையை வீழ்த்தியபோது சிறு ஆலைகள் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1912-இல் பாஸ்டேரில் ஒரு பொது ஆலை தொடங்கியது. தோட்டம்தோறும் கரும்பை ஏற்றிவர அதே ஆண்டு ரயில் பாதை போட ஆரம்பித்து, 1926-இல் தீவைச் சுற்றிய வளையம் முழுமையானது. இந்த இரண்டாவது வளையமும் சாலை என்ற முதல் வளையத்தை ஒட்டியே அமைந்தது. 1935 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுக் கரும்புத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தாலும், தீவின் தொழிற்சங்க அரசியல் அதிலிருந்தே வளர்ந்தது. 1970-களின் நடுவில் அரசு தோட்ட நிலங்களைத் தன்வசமாக்கியது. 1983 செப்டம்பர் 19-இல் அண்டைத் தீவு நெவிஸோடு சேர்ந்து நாடு விடுதலை பெற்றது. நட்டம் தாங்க முடியாமல் 2005 அறுவடையோடு சர்க்கரைத் தொழில் மூடப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அதே தண்டவாளத்தில் சுற்றுலா ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. கரும்பு வயல்கள் இப்போது புதர் மண்டிக் கிடக்கின்றன.

கப்பலின் நேரத்தைக் கணக்கிட்டுத் தீவைப் பார்க்கும் வழக்கம் சர்க்கரை கோலோச்சிய காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1880-களில் நியூயார்க்கிலிருந்து கிளம்பும் நீராவிக் கப்பல்கள் தீவு தீவாகத் தொட்டுச் செல்லும். எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் 1887-இல் அப்படி வந்து, கடலிலிருந்தும் கரையிலிருந்தும் பார்த்த அளவில் பாஸ்டேரைப் பற்றி எழுதினார். ஆயினும் சுற்றுலா தொழிலாக வேரூன்ற நூறு ஆண்டு பிடித்தது. 1970-களில் ஃபிரிகேட் விரிகுடாவில் விடுதிகள் எழுந்தன. 1989-இல் தென்கிழக்குத் தீபகற்பத்துக்குச் சாலை திறந்த பிறகுதான் டிமோத்தி குன்று உலாவில் சேர்ந்தது. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் கரீபியக் கடல், நடுவே ஒடுங்கிய நிலம். கரும்போடு தொடர்பில்லாத காட்சி இது. 1990-களில் பாஸ்டேர் கடலோரத்தைத் தூர்த்துப் போர்ட் சான்டே என்ற கப்பல் துறை அமைத்தார்கள். 1998, 1999 புயல்கள் அதைச் சிதைத்தபோதும் மீண்டும் கட்டினார்கள். ஏறத்தாழ 40,000 பேர் வாழும் தீவில், கொரோனாவுக்கு முந்திய ஆண்டுகளில் கப்பல் பயணிகள் பத்து லட்சத்தை எட்டினர்.

உலா முடியும் நகரில் இரண்டு இடங்கள். வட்டச் சந்தியின் நடுவே நிற்கும் பச்சைக் கடிகாரக் கோபுரம் 1880-களில் பெர்க்லி என்ற தோட்ட முதலாளியின் நினைவாக எழுந்தது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சுதந்திரச் சதுக்கம். முன்பு பால் மால் சதுக்கம். கப்பலில் வந்த ஆப்பிரிக்கர்களை ஏலம் விட்ட இடம் அது. இப்போது நீரூற்றும் நிழல் மரங்களும் உண்டு.

வாடகைக் கார்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணப் பட்டியல் இருக்கிறது. அமெரிக்க டாலரும் வாங்குவார்கள், கிழக்குக் கரீபிய டாலரும் வாங்குவார்கள். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபிய டாலர் என்ற விகிதம் மாறவில்லை. தனியாக வண்டி பிடிப்பதன் பயன் வழியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பேருந்துக் கூட்டம் கோட்டைக்குப் போகும் வேளையில் கிழக்குக் கரையிலிருந்து எதிர்ச்சுற்றாகத் தொடங்கலாம். மிடில் ஐலண்டு தேவாலயத்திலும் பிளடி பாயின்டிலும் வண்டியை நிறுத்தச் சொல்லலாம். கேட்டால் ஓட்டுநர்கள் நிறுத்துவார்கள்.