பிறர் சோதனைக்கு உட்படும் எழுத்து: வரலாற்று ஆய்விதழ்கள் கற்பிக்கும் பாடம்

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் நம்மிடையே குறைவல்லர். சபையின் நூற்றாண்டு மலர், பட்டத்திற்குரிய ஆய்வேடு, ஆயர் கூடுகையில் வாசிக்கும் கட்டுரை எனப் பல வடிவங்களில் நாம் எழுதுகின்றோம். ஆயினும் எழுதியதை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பி, நம்மை அறியாதார் சோதிக்குமாறு ஒப்புவிக்கும்போது தயங்குகின்றோம். இத்தயக்கம் நீங்க வேண்டுமாயின், ஆய்விதழ் என்னும் அமைப்பு எவ்வாறு தோன்றியது என்பதையும் அது எழுதுவோரிடம் எதைக் கேட்கின்றது என்பதையும் அறிதல் நலம்.

வரலாற்றுக்கென்றே அமைந்த பெரும் ஆய்விதழ்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தன. ஜெர்மனியில் ஹைன்ரிக் ஃபொன் சீபெல் 1859இல் ‘ஹிஸ்டோரிஷே ட்ஸைட்ஷ்ரிஃப்ட்’ என்னும் இதழைத் தொடங்கினார். பிரான்சில் 1876இல் கபிரியேல் மொனோவும் குஸ்தாவ் ஃபாஞேயும் ‘ரெவ்யூ இஸ்தோரிக்’ என்னும் இதழை நிறுவினர். மொனோ, போதகர் பலரை அளித்த புரொட்டஸ்டண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவ்விதழின் முன்னுரை எழுத்தாளர்க்கு இரு கட்டளைகளை விதித்தது. ஒவ்வொரு கூற்றும் சான்றோடும் மூலம் சுட்டும் குறிப்போடும் வரவேண்டும் என்பது ஒன்று. தெளிவற்ற பொதுக்கூற்றுகளுக்கும் சொற்பொழிவு அலங்காரத்திற்கும் இடமில்லை என்பது மற்றொன்று.

பிரசங்கபீடத்தில் பழகிய நமக்கு இவ்விரண்டாம் கட்டளையே கடினமானது. பிரசங்கி கேட்போரை இசையச் செய்ய முயல்கின்றார். ஆய்வாளரோ தம்மை மறுப்பதற்கு வேண்டிய கருவியையும் வாசகர் கையில் கொடுக்கக் கடமைப்பட்டவர். அக்கருவியே அடிக்குறிப்பு. எந்த ஆவணக் காப்பகத்தில், எந்தப் பதிவேட்டில், எந்தப் பக்கத்தில் கண்டோம் என்று சுட்டும்போது, ‘நீரும் சென்று பாரும், நாம் கூறுவது பிழையாயின் திருத்தும்’ என்றே சொல்லுகின்றோம்.

இப்பணிவின் சிறந்த சான்றை இங்கிலாந்தில் காண்கின்றோம். 1886 ஜனவரியில் ‘இங்கிலிஷ் ஹிஸ்டாரிகல் ரெவ்யூ’ வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் மாண்டெல் கிரைட்டன் ஆங்கிலிக்கன் குருவானவர். 1875 முதல் 1884 வரை நார்தம்பர்லாந்தின் எம்பிள்டன் என்னும் சிற்றூரில் சபையைப் பராமரித்தவர். போப்புமார் வரலாற்றைக் கூறும் தம் பெருநூலின் முதலிரு தொகுதிகளை அக்குருமனையிலேயே எழுதி 1882இல் வெளியிட்டார். சபைப்பணி ஆராய்ச்சிக்கு இடந்தராது என்போர் இதனை நினைவிற்கொள்வாராக.

1887இல் அந்நூலின் மூன்றாம், நான்காம் தொகுதிகள் வெளிவந்தபோது, தம் இதழில் மதிப்புரை எழுதுமாறு ஆக்டன் பிரபுவைக் கிரைட்டனே வேண்டினார். ஆக்டன் ரோமன் கத்தோலிக்கர். எனினும் நான்காம் சிக்ஸ்டஸ், ஆறாம் அலெக்சாண்டர் முதலிய போப்புமாரிடம் இந்த ஆங்கிலிக்கன் குரு அளவுகடந்த தயவு காட்டிவிட்டார் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அதிகாரத்தில் அமர்ந்தோரைத் தனி அளவுகோலால் அளத்தலாகாது, பதவியின் பரிசுத்தம் பதவியாளரின் குற்றத்தை மறைக்காது என்று அவ்வாண்டு ஏப்ரலில் கிரைட்டனுக்குக் கடிதமும் எழுதினார். கிரைட்டன் சினங்கொள்ளவில்லை. குற்றத்திலும் படிநிலைகள் உண்டு எனக் கருதுவதைத் தம்மால் தவிர்க்க இயலவில்லை என்று அமைதியாக விடையளித்தார். ஆக்டன் தம் மதிப்புரையின் கடுமையைச் சற்றுத் தணித்தார். எனினும் கண்டனம் கண்டனமாகவே நின்றது. அதனைக் கிரைட்டன் தம் இதழிலேயே வெளியிட்டார். அக்கட்டுரையை நிறுத்திவைக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. அவர் அதனைப் பயன்படுத்தவில்லை.

இதற்கு மாறானதொரு பதிப்பு முறையை நம் திருச்சபை வரலாற்றிலேயே காணலாம். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்க் முதலியோர் எழுதியனுப்பிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1710 முதல் ஹாலே நகரில் அச்சாயின. ஆனால் எழுதியவை யாவும் அச்சேறவில்லை. அருட்பணியைத் தாங்கியோரின் உள்ளம் தளரக்கூடும் என்று பிணக்குகள் முதலிய செய்திகளை அங்கிருந்த பதிப்பாளர் நீக்கினர். தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713இல் சீகன்பால்க் எழுதி முடித்த நூல் 1867 வரை அச்சேறாதிருந்தது. அவ்வாண்டில் சென்னையில் கெர்மான் வெளியிட்ட பதிப்பிலும் அவருடைய சேர்க்கைகள் கலந்திருந்தன. மூலவடிவம் முறையாகப் பதிப்பிக்கப்பட்டது 2003இல்தான். ஆதலின் அச்சிட்ட அறிக்கையை மட்டும் நம்பித் தரங்கம்பாடி வரலாற்றை எழுதுவோர், ஆதரவாளர் கேட்க விரும்பியதையே மீண்டும் எழுதிவிட நேரும். கையெழுத்து மூலத்தோடு ஒப்பிடுதல் ஆய்வாளரின் முதற்கடமையாகும்.

கட்டுரை அனுப்ப விழைவோர் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, ஒரு சபையின் முழு வரலாற்றையன்று, விடை காணத்தக்க ஒரு கேள்வியைத் தெரிந்துகொள்ளவேண்டும். இரண்டாவது, அக்கேள்வியைப் பற்றி முன்னோர் கூறியதையும், நாம் புதிதாகச் சேர்ப்பதையும் பிரித்துக் காட்டவேண்டும். மூன்றாவது, ஞானஸ்நானப் பதிவேடு கூறுவதும் முதியோர் வாய்மொழியாகக் கூறுவதும் வெவ்வேறு வகைச் சான்றுகள். இரண்டும் மதிப்புடையன, ஆனால் ஒன்றை மற்றொன்றாகக் காட்டலாகாது. நான்காவது, இதழின் விதிகளைக் கூர்ந்து வாசித்து, ஒரே கட்டுரையை ஒரே காலத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்பவேண்டும். இன்று பல இதழ்கள் எழுதியவர் பெயரை மறைத்து, அத்துறை அறிஞரிடம் கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்புகின்றன. திருத்துமாறு பணித்தால் ஒவ்வொரு குறிப்புக்கும் விடையளித்தல் முறை. ஏற்கத்தகாத குறிப்பாயின், ஏற்காமைக்குக் காரணம் காட்டல் வேண்டும்.

குறையற்றதாகும்வரை காத்திருப்போம் என்பாரும் உளர். அவர்க்கு ஆக்டனே எச்சரிக்கை. சுதந்தரத்தின் வரலாற்றை எழுதக் கருதி வாழ்நாளெல்லாம் கற்றார். 1902இல் அவர் மறைந்தபோது அந்நூல் எழுதப்படாமலே நின்றது. கண்டனத்திற்கு ஆளான கிரைட்டனோ 1894இல் ஐந்தாம் தொகுதியையும் வெளியிட்டார்.

நம் சபைகளை உருவாக்கிய உபதேசியார், வேதாகமப் பெண்கள் ஆகியோரின் வரலாறு பதிவேடுகளில் ஓரிரு வரிகளாகக் கிடக்கின்றது. புகழுரை மட்டும் எழுதினால், அவர்கள் பட்ட பாடும் அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் மறைந்தே போகும். அவர்களைப் பற்றிய உண்மை நிலைபெற வேண்டுமாயின், அது பிறர் சோதித்தும் நிற்கத்தக்க வடிவில் எழுதப்படல் வேண்டும். ஊழியர் எவரும் சோதனைக்கு மேலானவரல்லர் என்று போதிக்கும் நாம், நம் எழுத்தையும் அவ்வாறே ஒப்புவிப்போமாக.