ஒருவர் சுமந்த பந்தை இருவர் பகிரும் காலம்: அமெரிக்க கால்பந்தில் 'ரன்னிங் பேக்' பணிப் பங்கீடு மாறிய வரலாறு

அமெரிக்க கால்பந்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதை முதன்மைப் பணியாகக் கொண்டவர் 'ரன்னிங் பேக்' வீரர். இந்தப் பணி முழுவதையும் ஒரே வீரரிடம் ஒப்படைப்பதா, இருவர் அல்லது மூவருக்குப் பிரித்தளிப்பதா என்ற கேள்விக்கு, என்.எஃப்.எல். எனப்படும் தேசிய கால்பந்து லீக்கின் அணிகள் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன. வீரர்களின் உடல்நலமும் ஊதியமும் பணிக்காலமும் அந்த விடையைச் சார்ந்தே அமைகின்றன.

ஆட்டத்தின் அடிப்படை

உலகின் பிற நாடுகளில் ஆடப்படும் கால்பந்திலிருந்து இந்த விளையாட்டு முற்றிலும் வேறுபட்டது. ஒவ்வொரு அணிக்கும் 11 வீரர்கள் களத்தில் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணி, நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு, அதாவது சுமார் 9 மீட்டர் தூரம் முன்னேற வேண்டும். 'குவார்ட்டர்பேக்' எனப்படும் வீரர் பந்தைச் சக வீரரை நோக்கி எறியலாம். அல்லது ரன்னிங் பேக்கின் கையில் கொடுத்து ஓடச் செய்யலாம்.

பெரும்பாலான ஓட்டங்கள், எதிரணியினர் அவரை மோதி வீழ்த்துவதில்தான் முடிகின்றன. எனவே ஓட்டங்களின் எண்ணிக்கை, அவரது உடல் தாங்கும் மோதல்களின் எண்ணிக்கையாகவும் ஆகிறது. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் வீசும் ஓவர்களை அணி நிர்வாகம் கணக்கிடுவதற்கு இணையான கவலை இங்கும் உண்டு.

இருவர் நின்ற காலம்

1960கள், 1970களில் குவார்ட்டர்பேக்கின் பின்னால் இரு ஓட்ட வீரர்கள் நிற்பது வழக்கமாக இருந்தது. 'ஃபுல்பேக்', 'ஹாஃப்பேக்' என அழைக்கப்பட்ட இருவருமே பந்தை ஏந்தி ஓடினர். வின்ஸ் லொம்பார்டி பயிற்றுவித்த கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் ஜிம் டெய்லரும் பால் ஹார்னங்கும் இவ்வாறு பணியைப் பகிர்ந்தனர்.

ஒரு பருவம் முழுவதும் தோல்வியே காணாத 1972ஆம் ஆண்டின் மயாமி டால்ஃபின்ஸ் அணி இதற்குச் சிறந்த உதாரணம். அந்த ஆண்டு லாரி சோங்கா 1,117 யார்டுகளும், மெர்குரி மோரிஸ் 1,000 யார்டுகளும் ஓடினர். ஒரே அணியின் இரு வீரர்கள் ஒரே பருவத்தில் 1,000 யார்டுகளை எட்டியது அதுவே முதல் முறை. மூன்றாவதாக ஜிம் கீக்கும் அந்தப் பணியில் பங்கேற்றார்.

ஒரே வீரரைச் சார்ந்த அணிகளும் அக்காலத்தில் இருந்தன. கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் அணியின் ஜிம் பிரௌன், 1957 முதல் 1965 வரை ஆடிய 9 பருவங்களில் 8 முறை லீக்கில் அதிக தூரம் ஓடியவராகத் திகழ்ந்தார். 1966ஆம் ஆண்டு, 30 வயதில் அவர் ஓய்வை அறிவித்தார்.

ஒற்றை வீரரின் காலம்

1978ஆம் ஆண்டு லீக் ஆட்டங்களின் எண்ணிக்கை 14இல் இருந்து 16ஆக உயர்ந்தது. பந்தை எறிந்து ஆடுவதற்குச் சாதகமாக விதிகளும் தளர்த்தப்பட்டன. பந்தைப் பிடிக்கவும் தடுப்புப் பணிக்கும் கூடுதல் வீரர்கள் தேவைப்பட்டதால், இரண்டாவது ஓட்ட வீரரின் இடம் படிப்படியாகக் குறைந்தது. ஜோ கிப்ஸ் பயிற்றுவித்த வாஷிங்டன் அணி, ஒற்றை ஓட்ட வீரர் முறையைப் பரவலாக்கிய அணிகளுள் ஒன்று.

இதன் விளைவாக ஒருவர் மீதே சுமை குவிந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் எரிக் டிக்கர்சன், 1983ஆம் ஆண்டு தனது முதல் பருவத்திலேயே 390 முறை பந்தை ஏந்தினார். மறு ஆண்டு 2,105 யார்டுகள் ஓடிச் சாதனை படைத்தார். ஓட்டங்களின் எண்ணிக்கை 1984இல் ஜேம்ஸ் வைல்டருக்கு 407, 1998இல் ஜமால் ஆண்டர்சனுக்கு 410, 2006இல் லாரி ஜான்சனுக்கு 416 என உயர்ந்தது.

ஆண்டர்சன் அடுத்த பருவத்தின் தொடக்கத்திலேயே முழங்கால் காயத்தால் வெளியேறினார். ஜான்சன் 2007இல் கால் காயம் காரணமாக 8 ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். எனினும் இந்த நிகழ்வுகளை மட்டும் கொண்டு பொது விதி வகுக்க இயலாது. எம்மிட் ஸ்மித் 15 பருவங்களில் 4,409 முறை பந்தை ஏந்தி, 18,355 யார்டுகளுடன் இன்றளவும் சாதனையாளராக நீடிக்கிறார். மேலும், மிகச் சிறந்த பருவத்தை அடுத்து வரும் பருவத்தில் சற்று சரிவு ஏற்படுவது இயல்பே.

மீண்டும் பங்கீடு

2000களின் பிற்பகுதியில் அணிகள் மீண்டும் பங்கீட்டை நாடின. 2009ஆம் ஆண்டு கரோலைனா பாந்தர்ஸ் அணியின் ஜோனதன் ஸ்டூவர்ட், டிஆஞ்சலோ வில்லியம்ஸ் ஆகிய இருவரும் தலா 1,100 யார்டுகளைக் கடந்தனர். 2017இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் மார்க் இங்ரம், ஆல்வின் கமாரா இருவரும் ஓட்டத்திலும் பந்துப் பிடிப்பிலுமாக தலா 1,500 யார்டுகளைக் கடந்தனர்.

முன்பு வீரர் நிற்கும் இடத்தைப் பொறுத்து அமைந்த பங்கீடு, இப்போது திறமையைப் பொறுத்து அமைகிறது. ஓரிரு யார்டுகளை வலிமையால் பெற ஒருவர், எறியப்படும் பந்தைப் பிடிக்க மற்றொருவர் எனப் பணி பிரிகிறது.

ஊதியக் கணக்கு

பணி பிரிந்ததும் மதிப்பும் குறைந்தது. 2013ஆம் ஆண்டு புதிய வீரர்கள் தேர்வின் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக் கூட இடம்பெறவில்லை. 1963க்குப் பின்னர் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதல் முறை. 2014, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் இதே நிலை நீடித்தது.

2011ஆம் ஆண்டு ஒப்பந்த விதிகளின்படி, புதிய வீரரின் தொடக்க ஆண்டு ஊதியம் வரம்புக்கு உட்பட்டது. உடல் வலிமையின் உச்சத்தில் உள்ள ஆண்டுகள் குறைந்த ஊதியத்திலேயே கழிய, பெரிய ஒப்பந்தம் கேட்கும் வேளையில் அணிகள் தயங்குகின்றன. ஒரு வீரரை ஓராண்டு ஊதியத்துடன் தக்கவைத்துக்கொள்ளவும் அணிகளுக்கு உரிமை உண்டு. 2023இல் அவ்வாறு தக்கவைக்கப்பட்ட ரன்னிங் பேக்குக்கான தொகை சுமார் 1.01 கோடி டாலர். குவார்ட்டர்பேக்குக்கு சுமார் 3.24 கோடி டாலர். இத்தகைய ஓராண்டு ஒப்பந்தத்தை ஏற்க மறுத்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வீரர் லெவியான் பெல், 2018ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் ஆடவில்லை.

2024 காட்டிய இரு வழிகள்

2024ஆம் ஆண்டு இரு முறைகளும் வெற்றி கண்டன. டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் ஜமிர் கிப்ஸும் டேவிட் மான்ட்கோமரியும் பணியைப் பகிர்ந்தனர். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியோ சாக்வான் பார்க்லியையே சார்ந்து நின்றது. அவர் 345 ஓட்டங்களில் 2,005 யார்டுகளை எட்டினார். அணி சூப்பர் பவுல் கோப்பையை வென்ற பின்னர், 2025 மார்ச்சில் அவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.06 கோடி டாலர் என்ற ஒப்பந்தம் கிடைத்தது. இப்பணியில் 2 கோடி டாலரைக் கடந்த முதல் வீரர் அவரே.

ஆயினும், டிக்கர்சனின் 40 ஆண்டுக்காலச் சாதனையை முறியடிக்க 101 யார்டுகளே தேவைப்பட்ட நிலையில், கடைசி லீக் ஆட்டத்தில் பார்க்லிக்கு அணி நிர்வாகம் ஓய்வளித்தது. அடுத்து வரவிருந்த நாக் அவுட் ஆட்டங்களுக்கு அவரது உடல்நலமே முக்கியம் என்று அணி கருதியதே இதற்குக் காரணம். ஒரே வீரரை நம்பும் அணியும் இன்று அவரது ஓட்டங்களை எண்ணியே செலவிடுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.