பிள்ளை யாரிடம்? ஒரு பழைய சென்னை வழக்கும் நிபுணர்களும்

எங்கள் ஆர்.கே.பேட்டையில், தறி ஓடும் தெரு ஒன்றில் கணவன் மனைவி பிரிந்தார்கள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "பையன் அப்பன்கிட்ட, பொண்ணு அம்மாகிட்ட" என்று ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீதிமன்றங்கள் மட்டும் கேட்டனவா? கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

அடையாறு பிரம்மஞான சபையில் குடியிருந்த நாராயணய்யா, தன் மகன்கள் ஜே.கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரையும் 1910ல் எழுதிக்கொடுத்து அன்னி பெசன்ட் அம்மையாரின் பொறுப்பில் விட்டார். பெசன்ட் அவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். 1912ல் தந்தை பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். (இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.) வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. 1913ல் தந்தை வென்றார்.

சபையைச் சேர்ந்த லெட்பீட்டரின் நடத்தை பற்றிய புகார்களும் இதில் பெரிதாகப் பேசப்பட்டன. டாக்டர் டி.எம்.நாயரின் 'ஆண்டிசெப்டிக்' மருத்துவ இதழ் அவரைக் கடுமையாகச் சாடியது. பெசன்ட் தொடுத்த அவதூறு வழக்கு தோற்றது. ஆக, மருத்துவரின் குரல் அன்றும் ஒலித்தது. ஆனால் அது பெரியவர் ஒருவரைப் பற்றிய கண்டனம், பிள்ளைகளின் மனதைப் பற்றிய அறிக்கை அல்ல.

1914ல் லண்டன் பிரிவி கவுன்சில் சென்னைத் தீர்ப்பை ரத்து செய்தது. அது சொன்ன காரணங்களில் ஒன்று, பிள்ளைகளின் நலனும் விருப்பமும் சரிவர விசாரிக்கப்படவில்லை என்பது.

இத்தனைக்கும் 1890ம் ஆண்டு காப்பாளர் சட்டத்திலேயே, விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்று இருக்கிறது. நிபுணர்களுக்கு இடம் தந்தது 1984ம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம். அதன் 12வது பிரிவின்படி மருத்துவர், குடும்பநலப் பணியாளர் ஆகியோரின் உதவியை நீதிபதி பெறலாம். 'பெறலாம்' என்பதுதான் சட்டம், கட்டாயமில்லை. முடிவும் நீதிபதியுடையதே.

அது நல்லதுதான். ஏனென்றால் நிபுணர்களும் தவறலாம். 1985ல் அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர், பிள்ளை ஒரு பெற்றோரை வெறுத்தால் அது மற்றவர் ஊட்டிய வெறுப்பாக இருக்கலாம் என்று சொல்லி, அதற்கு ஒரு நோய்ப் பெயரும் வைத்தார். 2017ல் நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலும் அந்தப் பெயர் வந்தது. ஆனால் 2013ல் வெளியான அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் அதற்கு இடம் தரப்படவில்லை. உண்மையாகவே அடிக்குப் பயந்து விலகும் பிள்ளைக்கும் இந்த முத்திரை விழுந்தால் என்ன ஆகும்?

நிபுணர் பிள்ளைக்குப் பதிலாகப் பேசுபவர் அல்ல, பிள்ளை பயமில்லாமல் பேச உதவுபவர் என்பதே என் கருத்து. அந்தத் திண்ணைப் பையனிடமும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னப்பா தோணுது?" என்று கேட்டிருக்கலாம்.