தபால் வாசலுக்கு வந்த கதை



தபால்காரர் வீட்டுக்கு வருவதை நாம் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. சைக்கிள் மணி கேட்டால் கேற்றடிக்குப் போகிறோம், கடிதத்தை வாங்குகிறோம். ஆனால் தபால் தொடங்கிய நாளிலிருந்தே அது எல்லோர் வீட்டுக்கும் வரவில்லை. வாசல் வரை வருவது பின்னால் கிடைத்த வசதி. அதுவும் கேட்டு வாங்கியது. சில நாடுகளில் இப்போது அது திரும்பிப் போகிறது. அப்படிப் போகும்போது முதலில் தடுமாறுகிறவர்கள் வயதானவர்கள்தான். நம் வீடுகளிலும் வாப்பும்மாவும் மூத்தவாப்பாவும் இருப்பதால் இந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

நம் மூத்தவர்கள் இன்றும் 'தபால் கந்தோர்' என்றுதான் சொல்கிறார்கள். கந்தோர் என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். கடிதம் கந்தோரில் கிடக்கும், ஆள்தான் தேடிப் போக வேண்டும் என்பதே பழைய நிலைமை. பிரித்தானியாவில் பெரிய நகரங்களை விட்டால் அங்கும் பெரும்பாலும் இப்படித்தான். 1840க்கு முன்னர் அநேகமாகக் கடிதத்தைப் பெறுகிறவரே காசு கட்ட வேண்டும். தூரம் கூடக் கூடக் கட்டணமும் கூடும். ரோலன்ட் ஹில் என்பவரின் யோசனைப்படி 1840இல் ஒரு பென்னி முத்திரை வந்தது. அனுப்புகிறவரே முன்கூட்டிக் காசு கட்டும் முறை அதோடு பரவியது. நம் நாட்டின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளிவந்தது.

முத்திரை காசுப் பிரச்சினையைத் தீர்த்தது. தூரப் பிரச்சினை அப்படியே இருந்தது. நாட்டுப்புறத்தில் தனித்திருக்கும் வீட்டுக்குக் கடிதம் கொண்டுபோகிறவர் மேலதிகமாகக் காசு கேட்பார். கொடுக்க முடியாதவர் நடந்து போய் எடுக்க வேண்டும். நடக்கவும் முடியாதவர்?

இந்த இடத்தில் ஒரு எழுத்தாளர் வருகிறார். ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி ட்ரொலப் தபால் திணைக்கள உத்தியோகத்தராகவும் இருந்தவர். 1851இல் இருந்து இரண்டு வருடமளவில் இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளில் குதிரையில் ஏறிப் பாதை பாதையாகப் போனார். எந்த வீட்டுக்கு எந்த வழியால் போகலாம், தபால்காரர் ஒரு நாளில் எவ்வளவு நடக்கலாம் என்று அளந்தார். ஒருவரை நாளொன்றுக்கு 16 மைலுக்கு மேல் நடக்கவிடக் கூடாது என்பது அன்றைய விதி. அதற்குள் எத்தனை வீட்டைச் சேர்க்கலாம் என்பதே அவருடைய கணக்கு. 1852இல் ஜெர்சி தீவில் வீதியோரத் தபால் பெட்டிகள் வைக்கப்பட்டதும் இவருடைய ஆலோசனையால்தான். ஆனாலும் நாட்டின் எல்லா வீட்டுக்கும் கடிதம் கொண்டு சேர்ப்பதாகத் தபால் துறை ஏற்றுக்கொண்டது விக்டோரியா மகாராணியின் வைர விழா ஆண்டான 1897இல்தான். முத்திரை வந்து 57 வருடம் கழித்து.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த காலம். போருக்குப் போன மகனின், கணவனின் செய்தி வந்திருக்கிறதா என்று கேட்டுப் பெண்கள் கடும் குளிரில் தபாலக வாசலில் வரிசையில் நின்றார்கள். கிளீவ்லாந்து நகரில் அந்த வரிசையைப் பார்த்த ஜோசப் பிரிக்ஸ் என்ற தபால் ஊழியர், கடிதத்தை வீட்டுக்கே அனுப்பலாமே என்று யோசித்ததாகச் சொல்வார்கள். 1863 ஜூலை 1 முதல் நகரங்களில் இலவச வீட்டு விநியோகம் ஆரம்பமானது. கிராமத்து விவசாயிகளோ 1896 வரை காத்திருந்தார்கள். செலவு தாங்காது என்று பலர் எதிர்த்தார்கள். கிராமத்தவர் மனு மேல் மனு எழுதினார்கள். ரோட்டு மோசமென்றால் தபால் பாதை தரமாட்டோம் என்று சொல்லப்பட்டபோது, பல ஊர்களில் ரோட்டைத் திருத்திவிட்டு மறுபடி கேட்டார்கள்.

தபாலுக்கும் முதியோருக்கும் இன்னொரு உறவும் உண்டு. பிரித்தானியாவில் 70 வயதைக் கடந்த வறியவர்களுக்கான அரச ஓய்வூதியம் 1909 ஜனவரி 1ஆம் திகதி முதன்முதலாக வழங்கப்பட்டது. கிழமைக்கு 5 சிலிங் வரை. வழங்கிய இடம் தபாலகம். நம் நாட்டிலும் முதியோர் கொடுப்பனவுக்காகத் தபாலக வாசலில் காத்திருப்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நம் ஊர்களுக்கு வருவோம். சிறிய ஊரிலும் ஒரு உப தபாலகம் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் மத்திய கிழக்குப் பயணங்கள் பெருகியபோது, சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் கடிதமும், குரல் பதிந்த கசட்டும், வங்கி டிராப்டும் வந்தன. வீட்டு இலக்கம் கிடையாது. பெயரும், 'பள்ளிவாசலுக்கு அருகில்' என்ற ஒரு வரியும் போதும். தபால்காரருக்கு ஆளைத் தெரியும். எழுத்து வாசிக்கத் தெரியாத உம்மாமாருக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டியவரும் பல இடங்களில் அவர்தான்.

ஆனால் அந்த முறை ஒருவரின் ஞாபகத்தில் நின்ற முறை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் புத்தளத்து முகாம்களுக்கு வந்தபோதும், 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையோரக் குடும்பங்கள் இடம் மாறியபோதும், பழைய முகவரியும் தபால்காரரின் ஞாபகமும் ஒன்றுக்கும் உதவவில்லை.

இப்போது கனடாவைப் பார்ப்போம். இலங்கையிலிருந்து போன எத்தனையோ குடும்பங்களின் பெற்றோர் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வாழ்கிறார்கள். 2013 டிசம்பரில் கனடா தபால் நிறுவனம், சுமார் 50 இலட்சம் முகவரிகளுக்கான வீட்டு விநியோகத்தை ஐந்து வருடத்தில் நிறுத்தி, வீதியோரக் கூட்டுப் பெட்டிகளுக்கு மாற்றுவதாக அறிவித்தது. வயதானவர்கள் உறைபனியில் எப்படிப் போவார்கள் என்ற கேள்வி எழுந்தது. உடற்பயிற்சிக்காக நடக்கத்தான் முதியோர் விரும்புகிறார்கள் என்ற கருத்தில் நிறுவனத் தலைவர் நாடாளுமன்றக் குழுவின் முன் பேசியது பெரும் கோபத்தைக் கிளப்பியது.

முதியோர் அமைப்புகளும், மாற்றுத்திறனாளிகளும், தபால் தொழிற்சங்கமும், நகரசபைகளும் எதிர்த்தார்கள். மொன்றியல் மேயர் 2015 ஓகஸ்டில், பெட்டி வைக்கப் போட்ட கொங்கிறீட் தளத்தைத் தானே இயந்திரத்தால் உடைத்துக் காட்டினார். அந்த வருடத் தேர்தலுக்குப் பிறகு திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2018 ஜனவரியில் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள். அதற்குள் மாறிவிட்ட சுமார் 8 இலட்சத்து 40 ஆயிரம் முகவரிகளுக்கு வீட்டு விநியோகம் திரும்பவில்லை. 2025 செப்டம்பரில் அரசாங்கம் மீண்டும் வழி திறந்துவிட்டது. மீதமுள்ள சுமார் 40 இலட்சம் முகவரிகளும் மாறப் போகின்றன.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கூட்டுப் பெட்டிக்குப் போக முடியாதவர்கள் விண்ணப்பித்தால் விசேட ஏற்பாடு கிடைக்கும். சாவியைத் திருப்ப உதவும் கருவி, எட்டும் உயரத்தில் பெட்டி, தடவி வாசிக்கும் எழுத்து, கிழமைக்கு ஒரு முறை வீட்டுக்கே விநியோகம் என்று பல வகை. ஆரம்பத்தில் டொக்டரின் கடிதம் கேட்டார்கள். அதற்கும் காசு போகிறது என்று முதியவர்கள் முறைப்பட்டார்கள். ஏற்பாடு தானாக வந்து கதவைத் தட்டுவதில்லை. அப்படி ஒன்று இருப்பது தெரிந்து, யாரோ ஒரு மகளோ பேரனோ படிவத்தை நிரப்பிக் கொடுத்தால்தான் கிடைக்கிறது.

நம்மால் முடியாத காரியமா இது? 2020 ஊரடங்கு நாட்களை நினைத்துப் பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் கிளினிக் மருந்துகளைத் தபால் ஊழியர்கள்தான் நோயாளிகளின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிரஷர் குளிசையும் சீனி வருத்தத்துக்கான மருந்தும் வாசலுக்கு வந்தன. தேவை என்று முடிவெடுத்தால் நம் தபாலாலும் வாசல் வரை வர முடியும்.

ஆனால் இன்றும் பல ஒழுங்கைகளில் கடிதம் சந்திக் கடையில்தான் கிடக்கிறது. கிளினிக் திகதி முடிந்த பிறகு கிடைக்கும் கடிதம், ஆள் இல்லை என்று திரும்பிப் போகும் பதிவுத் தபால், இவை நம்மில் பலருக்குத் தெரிந்த கதை. தனியே இருக்கும் முதியவர் எழுந்து கேற்றடிக்கு வர ஐந்து நிமிடம் ஆகும். பெல் அடித்தவர் அதற்குள் போய்விடுவார்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

1. வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் கேற்றில் பெரிதாக எழுதுவோம். வங்கி, கிளினிக், பிரதேச செயலகம் எல்லாவற்றிலும் அதே முகவரியையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் பதிவோம்.

2. கதிரையில் இருந்தபடியே கை எட்டும் உயரத்தில் ஒரு பெட்டி வைப்போம்.

3. நடக்க முடியாதவர் யார், எந்த வீடு என்று ஒழுங்கைவாரியாக ஒரு பட்டியல் எழுதி, வீட்டாரின் சம்மதத்துடன் தபாலதிபரிடம் கையளிப்போம். வாய்ப் பேச்சு மறந்துபோகும். கடிதமாகக் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்வோம்.

4. பதிவுத் தபாலை முதியவருக்குப் பதிலாக யார், எப்படிப் பெறலாம் என்பதைக் கடிதம் வருவதற்கு முன்பே கேட்டு வைப்போம்.

ஆசிரியர்களான நாங்கள் ஒன்றை ஏற்றுக்கொள்கிறோம். வகுப்பில் வரைபடப் பாடம் வரும்போது, பிள்ளைகளைத் தங்கள் ஒழுங்கையையே வரையச் சொல்வோம். ட்ரொலப் குதிரையில் போய் அளந்ததை நம் பிள்ளைகள் நடந்து போய் அளக்கட்டும். மூன்றாவது வேலைக்கான பட்டியல் அதிலிருந்து பாதி தயாராகிவிடும்.

உங்கள் ஒழுங்கையில் தபால் எதுவரை வருகிறது என்று கீழே எழுதுங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து, அந்தந்தத் தபாலதிபரிடம் சேர்ப்பதற்கான கடிதத்தை எழுதித் தருகிறோம்.